தாடியில்லாத இயேசு

தாடி இல்லாவிட்டால் இயேசுவை யார் அடையாளம் காண்பார்கள்? 1986இல் லண்டனின் டூட்டிங் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இந்தக் கேள்வி எழுந்தது.

கேள்வி கிளம்பியது கிறிஸ்துநாயகத்தால். பாண், அதாவது ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஊரில் தம்பியை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அவன் விடுபட வேண்டுமென்று, பெரிய வெள்ளி நாடகத்தில் இயேசுவாகச் சிலுவை சுமப்பதாக நேர்ந்திருந்தார். அந்த வேடம் போடுபவர் அதற்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் முழுக்கச் சவரம் செய்யக் கூடாது என்பது ஊர் வழக்கம். தொழிற்சாலையிலோ தாடிக்காரரை மாவுக்குக் கிட்டவும் விடமாட்டார்கள்.

"மழிச்ச முகத்தோட ஏலாது," என்றார் நாடகத்தை நடத்திய பிலோமினம்மா. "ஒட்டுத்தாடியும் வேண்டாம். நீர் காட்டிக்குடுத்த யூதாசா வாரும். யூதாசின்ர முகத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்க மாட்டினம்."

அன்றிரவு கிறிஸ்துநாயகம் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். அவரோடு அறையில் இருந்த சுப்பிரமணியன் மியூசியக் காவலாளி, முருக பக்தர்.

"அண்ணை, எங்கட மியூசியத்தில உங்கட யேசு தாடியில்லாமல்தான் கிடக்கிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

சனிக்கிழமை மூவரும் அங்கே நின்றார்கள். சின்னச் சின்னக் கற்களால் பதித்த இளைஞனின் முகம். மழித்த தாடை. தலைக்குப் பின்னால் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் இரண்டு கிரேக்க எழுத்துகள், இருபுறமும் மாதுளம்பழம்.

தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் மீனையும் நங்கூரத்தையும் அடையாளமாக வரைந்தார்கள், பிறகு ஆட்டைத் தோளில் சுமக்கும் இளம் மேய்ப்பனை வரைந்தார்கள், தாடி முகம் பரவியது அதற்கும் பிறகுதான் என்று, வேலையில் கேட்டறிந்ததைச் சுப்பிரமணியன் சொன்னார்.

"இது என்ன, சுவரில இருந்ததோ?"

"இல்லையம்மா. ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு முந்தி ஒரு பணக்கார வீட்டின்ர தரை."

பிலோமினம்மா சட்டென்று காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றினார். "அப்ப சனம் மிதிச்சுக்கொண்டே திரிஞ்சது?"

"ஓம், மிதிச்சிருப்பினம்."

அவர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு கிறிஸ்துநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"மிதிக்க விட்டுக்கொண்டு கிடந்தவர், சவரத்துக்கோ கோவிக்கப் போறார்? நீரே சுமவும்."

மழித்த முகத்தோடு அவர் சிலுவை சுமந்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிலுவையோடு மூன்றாவது முறை அவர் விழுந்தபோது அதே வரிசையில் பலர் எழுந்து நின்றார்கள்.

ஆவணியில் வீட்டிலிருந்து தம்பியின் கையெழுத்தில் கடிதம் வந்தது; ஆமி அவனை விட்டுவிட்டதாம். அடுத்த லீவு நாளிலேயே கிறிஸ்துநாயகம் மியூசியத்துக்குப் போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார். இயேசுவுக்கு நன்றி சொன்னார். பெயர் தெரியாத அந்தக் கல் பதித்தவனுக்கும் சொன்னார். பிறகு வாசலில் நின்ற சுப்பிரமணியனின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

இதை வாசித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள்; அந்தக் கல் பதித்தவனையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.