அரைமணிக்கொரு மாமியார்

மறப்பவர்கள் உண்டு, மன்னிப்பவர்கள் உண்டு, மன்னித்ததாகச் சொல்லிவிட்டு மறக்காமல் இருப்பவர்களும் உண்டு. 'பழையபடி' என்று எல்லோரும் கூப்பிடும் நம் கதாநாயகி இந்த மூன்று கூட்டத்திலும் சேராதவள். ஒன்றாம் வகுப்பில் தன் அழிரப்பரைக் கடித்துத் துப்பிய பக்கத்து பெஞ்சுக்காரியின் கல்யாணத்துக்குப் போய், மனதார வாழ்த்தி, ஒரு டஜன் ரப்பரைப் பரிசாகக் கொடுத்துவிட்டு வந்தாள். மணப்பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனாலென்ன? கொடுத்தவளுக்கு விளங்கியது.

பழையபடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, பார்சல் கம்பெனியில் வைத்தது. அங்கே கண்ணாடி அறைக்குள் நாற்பது சொச்சம் லினக்ஸ் சர்வர்கள் இரைந்துகொண்டிருக்கும். எந்தப் பார்சல் எந்த லாரியில் போகிறது என்பது அவற்றுக்கு மட்டுமே தெரியும். ஒன்று முரண்டு பிடித்தால் கிளைகளிலிருந்து போன் வரும். "அக்கா, என்ன பண்ணுவீங்களோ தெரியாது, பழையபடி ஆக்கிக் குடுத்துருங்க." அவளும் ஆக்கிக் கொடுப்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அத்தனையும் ஒரே கடையில் வாங்கி ஒரே நாளில் இறக்கிய சர்வர்கள்தான். ஆனால் வந்தவன் போனவனெல்லாம் கைவைத்ததில் ஒன்றின் கடிகாரம் பிந்தியது, ஒன்றில் வேலையை விட்டுப் போனவனின் பாஸ்வேர்டு இன்னும் செல்லுபடியானது, ஒன்று ஏன் ஓடுகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. நாற்பது மருமகள்கள் ஒரே சமையலறையில் புழங்கிய கதை. உப்பு டப்பாவைத் திறந்தால் சர்க்கரை இருந்தது.

பழையபடி இதற்கு ஒரு முடிவு கட்டினாள். ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்தாள்: இன்ன ப்ரோக்ராம் ஓடணும், இன்ன கதவு பூட்டியிருக்கணும், இன்னார் மட்டும் உள்ளே வரலாம், வருகிறவர் கண்ணில் முதலில் இன்ன எச்சரிக்கை படணும். அரைமணிக்கொரு தரம் ஒரு ப்ரோக்ராம் எல்லா சர்வருக்குள்ளும் சுற்றிவரும். எழுதியபடி இருந்தால் பேசாமல் போய்விடும். எவனாவது எதையாவது நகர்த்தியிருந்தால் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போகும். அலுவலகத்தில் அதற்கு மாமியார் என்று பெயர். அசல் மாமியாருக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அது வாயைத் திறக்காது.

இந்த இடத்தில் ரிப்பன் சாரை அறிமுகப்படுத்தியாக வேண்டும். எந்த வேலையானாலும் ரிப்பன் வெட்டும் கட்டத்தில் சரியாக வந்து சேர்பவர் என்பதால் அந்தப் பெயர். பழையபடியின் மேலதிகாரி. அதோடு அவளுடைய நாத்தனார் புருஷன். ஆகவே அலுவலகத்தில் அவர் 'சார்', ஞாயிற்றுக்கிழமைகளில் 'அண்ணா'. இரண்டு இடத்திலும் பேசுவது அவர்தான்.

மாமியாரை எழுத ஆரம்பித்த அன்றே அவர் சொல்லிவிட்டார். "எல்லாத்தையும் என் லாகின்லயே ஏத்திடும்மா. ஒரே குடும்பம், எதுக்கு ரெண்டு பேரு?"

ஆக, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் என்று அவர் பெயர் விழுந்தது. சர்வர்கள் சமர்த்தானபோது முதலாளி கூட்டம் கூட்டி அவர் கையில் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கொடுத்தார். பழையபடியும் கை தட்டினாள். அழுத்தமாகவே தட்டினாள்.

அதைக்கூட அவள் சின்னக் கணக்கில் எழுதியிருப்பாள். அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டில்தான் விஷயம் முற்றியது.

"மாப்பிள்ளைக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ!" என்றாள் அசல் மாமியார்.

மாப்பிள்ளை தட்டைத் தள்ளிவைத்தார். "ரொம்ப சுலபம் அத்தை. இந்தத் தட்டு ஒரு சர்வர்னு வச்சுக்குங்க. தப்பு நடந்தா அதுவே எனக்குச் சொல்லும், நான் போய் சரி பண்ணுவேன்."

"சொல்லாதுண்ணா, அதுவே சரி பண்ணிடும்" என்றாள் பழையபடி.

"நீ தண்ணி எடுத்துட்டு வாம்மா. இதெல்லாம் உனக்குப் புரியாது."

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். தம்ளர் விளிம்புவரை ஊற்றினாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதைப் பார்த்ததும் அவள் புருஷன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னாலேயே வந்தான்.

"ஏய், எதையாவது பண்ணித் தொலைச்சுடாத."

"நான் ஒண்ணுமே பண்ண மாட்டேன்."

"நீ ஒண்ணும் பண்ணாம இருக்கிறதுதாண்டி எனக்குப் பயமே."

கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்யலாமென்றால் அவளுக்குத் தோளைத் தொடாத முடி. ஆகவே சோப்பு நுரையோடு சுருக்கமாக முடித்துக்கொண்டாள்: இதை எழுதியது யார் என்று அந்த வாயே சொல்லணும், அதுவும் முதலாளி முன்னால். முதலாளி அப்போது இன்னொரு பார்சல் கம்பெனியை வாங்கியிருந்தார். இரண்டு கம்பெனி சர்வர்களுக்கும் சேர்த்து ஒரு தலைவரை மாதக் கடைசியில் அறிவிப்பதாக இருந்தது. அந்த நாற்காலிக்கு ரிப்பன் சார் மனதளவில் குஷனே தைத்துவிட்டார்.

அறிவிப்புக்கு முன்பாக முதலாளி சர்வர் அறைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. ரிப்பன் சார் யோசித்தார். சர்வருக்குள் நுழைந்தால் 'அனுமதியின்றி நுழைவது குற்றம்' என்று ஒரு வறட்டு வரி தெரிகிறது. அங்கே கொஞ்சம் வரலாறு இருந்தால் என்ன? ஒவ்வொரு சர்வராகப் போய், ஒற்றை விரலால் தட்டி, அந்த வரியை அழித்துவிட்டு எழுதினார்: 'இந்த அமைப்பின் தந்தை', அடுத்து தம் பெயர், பட்டம், பதவி. தாய் எதிர் மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

அரைமணி ஆனதும் தந்தையைக் காணோம். குற்றம் மட்டும் இருந்தது.

திரும்ப எழுதினார், திரும்பப் போயிற்று. நகர்த்தியதைப் பழைய இடத்தில் வைப்பதுதான் மாமியாரின் வேலை என்று கோப்பை வாங்கிய அன்று மேடையில் அவரேதான் வாசித்தார். ஆனால் உபதேசம் ஊருக்குத்தானே? தம்முடைய கையும் ஒரு கைதான் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

மூன்றாம் நாள் அவள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, யாரோ உள்ள பூந்து என் பேரை மட்டும் அழிக்கிறான்."

"ஐயையோ! வேற எதையும் தொடலையா சார்?"

"இல்ல. என்னை மட்டும்தான்."

"யாராவது உள்ள வந்த தடயம்?"

"ஒருத்தரும் வரல. அதான் குழப்பமா இருக்கு."

பழையபடி பென்சிலைக் கீழே வைத்தாள். "தடயமே இல்லாம வர்றான்னா சாதாரண ஆளில்ல சார். உங்க வளர்ச்சி பிடிக்காத பெரிய கை."

அவருக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பெருமை. பெருமை ஜெயித்தது. நேரே முதலாளியிடம் போனார். தம்மைக் குறிவைத்து ஒரு கும்பல் இயங்குகிறது என்றார். முதலாளி தம் செலவில் வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு நிபுணரை வரவழைத்தார்.

நிபுணர் ஒல்லியான மனிதர். மடிக்கணினியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார். பெரிய திரையில் ஒரு சர்வரின் முதல் வரியை அழித்து, 'வணக்கம்' என்று தட்டினார்.

"டீ சொல்லுங்க. குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துரும்."

எல்லோரும் திரையைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். மாமியார் வந்தாள். வணக்கம் போய், குற்றம் வந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று ரிப்பன் சார் எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க சார். இது வெளியாள் இல்ல, உங்க ப்ரோக்ராம்தான். கையால மாத்துனதத் திருப்பி வைக்கிறதுதான் அதுக்கு வேலை, அருமையா எழுதியிருக்கு. நிலையா மாத்தணும்னா ப்ரோக்ராம்ல ஒரு வரிய மாத்தணும், அவ்வளவுதான். எழுதினவருக்கு இது தெரியாம இருக்காதே?"

"யார் எழுதினது?" என்றார் முதலாளி.

"ஒவ்வொரு வரியும் சார் பேர்லதான் இருக்கு."

முதலாளி ரிப்பன் சார் பக்கம் மெல்லத் திரும்பினார். "அப்ப உன் பேரை அழிச்சவனும் நீ, திருடன் திருடன்னு கத்தினவனும் நீ. சொந்தக் காசுல சூனியம் வச்சாக்கூடப் பரவாயில்ல, என் காசுல வச்சிருக்கியே!"

தலைமை நாற்காலி, தைத்த குஷனோடு, அறையைவிட்டு வெளியே நடந்துபோவதை ரிப்பன் சார் கண்ணால் பார்த்தார். இனி வழி இரண்டுதான்: சதிகாரன் என்று ஆவது, இல்லையென்றால் எழுதியவன் நானல்ல என்பது. பரிதாபமாக எதிர்ப்பக்கம் பார்த்தார்.

"ஏம்மா, நீயாவது சொல்லேன்."

"நான் என்ன சார் சொல்றது? இதெல்லாம் எனக்குப் புரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

முதலாளி டீத் தம்ளரை வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவதான் எழுதினா" என்றார் ரிப்பன் சார் தரையைப் பார்த்து.

பழையபடி காதோரம் கையை வைத்தாள். "ஏசி சத்தத்துல சரியா விழல சார்."

"இவதான் எழுதினா! எல்லாத்தையும் இவதான் எழுதினா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

கடைசி வாக்கியத்தை அவள் கேட்கவேயில்லை. அது உபரி. வந்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

மாதக் கடைசியில் இரண்டு கம்பெனி சர்வர்களும் பழையபடியின் கைக்கு வந்தன. ரிப்பன் சாரை முதலாளி வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று அவளிடம்தான் கேட்டார். "பாவம் சார், குடும்பஸ்தர், என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அவள். அதைக் கேட்டு அவளுடைய பெருந்தன்மையை அலுவலகமே மெச்சியது. அவள் புருஷன் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அந்த ஞாயிறு சாப்பாட்டின்போது மாப்பிள்ளை சர்வரைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றபோது தாமே எழுந்துபோய் எடுத்துக்கொண்டார்.

புதுப் பதவியில் பழையபடி செய்த முதல் வேலை, மாமியாருக்குள் ஒரு வரியைச் சேர்த்ததுதான். ரிப்பன் சார் எந்த சர்வருக்குள் நுழைந்தாலும் அவர் கண்ணுக்கு மட்டும் அது தெரியும்: 'கையால் எதையும் தொடாதீர்கள். புரியாவிட்டால் கேளுங்கள்.'

ஒருநாள் அவள் இடத்தில் இல்லாத நேரம் பார்த்து, அக்கம்பக்கம் பார்த்து, ஒற்றை விரலால் அவர் அதை அழித்துவிட்டார். நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்.

மாமியார் வந்துபோயிருந்தாள்.