அறுபத்து நான்கு வரிகள்

என்னிடம் இருக்கும் குறிப்பேடுகளில் 2005-ஆம் ஆண்டுக்குரியது பச்சை அட்டை போட்டது. அதில் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபருக்குள் நீளும் மூன்று பக்கங்களில் வெறும் எண்கள்தான். ஒவ்வொரு வரியிலும் ஒரு வரிசை எண், அடுத்து எக்ஸ் என்று ஓர் எண், ஒய் என்று ஓர் எண். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சரிபார்த்ததற்கான சின்ன டிக் குறி. அறுபத்து நான்காவது வரியோடு நின்றுவிடுகிறது. கையெழுத்து என்னுடையது. புரட்டும்போது இந்தப் பக்கங்களுக்கு வந்தால் நான் வேகமாகத் தாண்டுவதுமில்லை, நின்று பார்ப்பதுமில்லை. மற்றப் பக்கங்களைப் போலவே படித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

அப்போது நான் குயிலாப்பாளையத்தை ஒட்டியிருந்த ஒரு மரப் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். குழந்தைகள் துண்டு சேர்த்து விளையாடும் மரப் பலகைகளும், மூடியில் பித்தளைப் பூ பதித்த பெட்டிகளும் அங்கே செய்தோம். நான் மரக்காணத்திலிருந்து காலை பஸ் பிடிப்பேன். போர்மேன் அனுமந்தையில் ஏறுவார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, சம்பளப் பதிவேட்டில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் அவர் போர்மேன்தான். அனுமந்தையை அடுத்த குப்பத்துக்காரர். அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். "போட்டுல ஏறுனா வாந்தி சார். மூணு தபா பாத்துட்டு எங்கப்பாவே ஐ.டி.ஐ.ல கொண்டு போய் உட்டுட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

பட்டறையின் மூலை அறையில் ஒரு பழைய மேசை மில்லிங் இயந்திரம் இருந்தது. இரண்டு தையல் இயந்திரங்களைச் சேர்த்து வைத்த அளவுதான். எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுப்போனது. பக்கத்தில் இருந்த கன்ட்ரோலர் பெட்டியில் புள்ளிகளை வரிசையாகப் பதித்து வைத்தால், செதுக்கும் முனை அதன்படி நகர்ந்து மரத்தையோ பித்தளையையோ வெட்டும். பெட்டியில் ஒரே ஒரு வரி காட்டும் திரை, தேய்ந்துபோன பொத்தான்கள். அதை இயக்கத் தெரிந்தவர் போர்மேன் ஒருவர்தான்.

2004 நவம்பரில் ஒரு சனிக்கிழமை அவர் மகளைக் கூட்டி வந்தார். மழைக்காகப் பள்ளி விடுமுறை. இரண்டாம் வகுப்பு படித்தாள். கட்டம் போட்ட தாளில் ஒரு நண்டு வரைந்தாள். நான் எண்ணிப் பார்த்தேன். கொடுக்கு இரண்டு, கால் ஏழு. இன்னொரு முறையும் எண்ணிவிட்டு, "இன்னா பாப்பா, ஒரு கால் கொறையுதே?" என்றேன். அவள் தலையைத் தூக்காமலே, "வலையிலேருந்து எடுக்கசொல்ல ஒடஞ்சிபோச்சி" என்றாள். இதுகூடத் தெரியாதா என்ற குரல். போர்மேன் அந்தத் தாளை இயந்திரத்தின் மேடையில் ஒட்டி, பொத்தானை அழுத்தி அழுத்தி முனையைக் கோட்டின் மேல் நகர்த்தி, புள்ளி புள்ளியாகப் பெட்டிக்குள் ஏற்றினார். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று வரிகள். பதினேழாம் எண்ணில் சேமித்தார். பிறகு ஒரு வேப்பம் பலகையில் செதுக்கிக் கொடுத்தார். பலகையையும் தாளையும் அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். வாசல் நிலைக்கு மேல் மாட்டியதாகத் திங்கட்கிழமை சொன்னார்.

டிசம்பர் கடைசி ஞாயிறன்று கடல் வந்தது. அன்றைய பக்கத்தில் காலையில் நான் எழுதியது வானிலை. மாலையில் எழுதியது வேறு. போர்மேனின் மனைவி தப்பினார். வீடு இல்லை. மகள் இல்லை. ஜனவரி கடைசி வாரம், ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்து, டிபன் பாக்ஸை வழக்கமான ஆணியில் மாட்டினார். அன்று எனக்குள் என்ன இருந்தது என்று இப்போது தேடிப் பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை. குறிப்பேட்டில் "போர்மேன் வேலைக்கு வந்தார்" என்ற மூன்று சொற்கள் இருக்கின்றன.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் இயந்திரத்தைத் துடைத்து முடித்ததும் அவர் வெட்டும் முனையைக் கழற்றிவிட்டு அதை வெறுமனே ஓடவிடுவார். மேடையில் மரம் இருக்காது. தலை மட்டும் வெறும் காற்றில் அங்கும் இங்கும் நகர்ந்துவிட்டு நிற்கும். பாலிஷ் போடும் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஏம்பா போர்மேனு, காத்தையா அறுக்குற? கிலோ இன்னா வெல?" என்றார். "உனக்கு வேணும்னா சும்மாவே தர்றேன், எடுத்துகினு போ" என்றார் அவர். நான் திரையைப் பார்த்தேன். பதினேழு. அக்காவிடம் பிறகு சொன்னேன். அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அக்கா அந்தப் பக்கம் வரவில்லை.

இன்னொரு பலகையில் செதுக்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். அப்போது குப்பத்துச் சனங்கள் தற்காலிகக் கொட்டகைகளில் இருந்தார்கள். "எங்க சார் மாட்றது? தார் ஷீட்டு. ஆணி நிக்காது" என்றார். வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஆனால் இயந்திரம் அதுவரை தாங்குவதாக இல்லை. உப்புக் காற்று பெட்டிக்குள் போய், கம்பி சேரும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சிறு சிறு அடிகளாக நகரும் மோட்டார்கள் நடுவில் ஒரு அடி தவறின. வெட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பட்டறையை நடத்திய அம்மாள் ஜூன் மாதம் சென்னையிலிருந்து புது மின்னணுச் சாமான்களை வரவழைத்தார். மூன்று மோட்டார்களை ஓட்ட மூன்று டிரைவர் போர்டு, ஒரு பவர் சப்ளை, கட்டளை அனுப்ப ஒரு பழைய கம்ப்யூட்டர். பழைய பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு இவற்றைப் பொருத்த வேண்டும். போர்மேனுக்கு ஒரு வார வேலை என்றார்கள். அவர் செய்யவில்லை. மழை வரட்டும் என்றார், ஸ்க்ரூ சரியில்லை என்றார். சாமான்கள் என் ஸ்டோரில்தான் இருந்தன. எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்டு, அவர் சொன்ன பதிலைத் தேதியோடு எழுதி வைத்தேன்.

ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை, அவர் என் மேசைக்கு வந்தார். "சார், பொட்டிக்குள்ள மெமரி பேட்டரி பொங்கிடுச்சு. போர்டையே தின்னுட்டுது. எடுத்து வீசிட்டேன், வேற வைக்க வழியில்ல. இனிமே கரண்டு இருக்கிற வரைக்கும்தான் உள்ள இருக்கிறது இருக்கும். யூ.பி.எஸ்ல லாரி பேட்டரி மாட்டியிருக்கேன். அத மட்டும் யாரும் அணைக்காம பாத்துக்கங்க." சரி என்றேன். அவர் எதிரிலேயே எழுதி, கீழே கோடும் போட்டேன்.

செப்டம்பர் கடைசியில் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பூஜை முடிந்ததும் புதுசு ஓட வேண்டும். அன்று மதியம் போர்மேன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நண்ட வெளிய எடுக்கணும் சார்" என்றார். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும் இணைப்பு களிம்பு தின்று போயிருந்தது. திரையில் ஒவ்வொரு வரியாக வரவழைத்துக் கையால் எழுதிக்கொள்வது ஒன்றுதான் வழி. "எனக்கு நம்பர் தப்பும். நீங்க எழுதுவீங்களா? நான் படிக்கிறேன்."

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தோம். தேய்ந்த பொத்தான் பத்து முறை அழுத்தினால் ஒருமுறை வேலை செய்யும். ஒரு வரி வரச் சில நேரம் ஐந்து நிமிடம் ஆகும். அவர் படிப்பார், நான் எழுதுவேன், திருப்பிப் படிப்பேன், அவர் ம் என்றதும் டிக் போடுவேன். மகளைப் பற்றி ஒரு சொல் நாங்கள் பேசவில்லை. எண்கள் மட்டும்தான். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் திங்கட்கிழமை அறுபத்து நான்காவது வரியில் மணி அடித்தது. "மீதி விஜயதசமி அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்தார்.

பூஜை அன்று பட்டறையில் ஓர் ஒழுங்கு உண்டு. அதை வகுத்தவன் நான். எந்தக் கருவியும் அன்று ஓடக் கூடாது. எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். யார் எதைச் செய்வது என்ற பட்டியலை வருடந்தோறும் ஒரே தாளிலிருந்து படிப்பேன். முதல் வரி "மெயின் அணைக்க". பூசணிக்காய் வாங்கப் போர்மேனை என் சைக்கிளில் அனுப்பினேன். பட்டியலைப் படித்தேன். மெயினை நானே அணைத்தேன். இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தபோது மூலை அறையில் பீப், பீப் என்று ஏதோ கத்திக்கொண்டிருந்தது. பாலிஷ் அக்கா, "சாமி கும்புடுற நேரத்துல இது இன்னா ஒப்பாரி, அணைங்க சார்" என்றார். குனிந்து யூ.பி.எஸ்ஸின் பொத்தானை அழுத்தினேன். சத்தம் நின்றது. பெட்டியின் மேல் ஒரு பொட்டும் வைத்தேன்.

போர்மேன் பூசணிக்காயோடு உள்ளே வந்தார். மூலை அறை வாசலில் நின்றார். திரை கறுப்பாக இருந்தது. பூசணிக்காயை இடுப்பில் இடுக்கியபடியே சிறிது நேரம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஜூலை மாதம் நினைவுக்கு வந்தது. "போர்மேன்" என்றேன். "சரி உடுங்க சார்" என்றார். பிறகு வெளியே போய், பூசணிக்காயின் மேல் சூடம் ஏற்றி, மூன்று முறை சுற்றி, வாசலில் உடைத்தார். எல்லோருக்கும் பொரி கொடுத்தோம். அவரும் வாங்கித் தின்றார்.

நான்கு மாதம் தள்ளிப்போட்ட வேலையை மூன்று நாளில் முடித்தார். பழைய பெட்டி வெளியே வந்தது. புது போர்டுகளை மூடிய பெட்டிக்குள் வைத்து, காற்று புகாமல் விளிம்பெல்லாம் பசை தடவினார். நான்காம் நாள் சோதனை. வெட்டும் முனைக்குப் பதில் ஒரு பென்சிலைக் கட்டினார். "அந்த நோட்ட எடுத்தாங்க சார்" என்றார். நான் படித்தேன், அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். இயந்திரம் சத்தமே இல்லாமல், ஒரு அடியும் தவறாமல் வரைந்தது. பாதி உடம்பு, ஒரு கொடுக்கு, நான்கு கால். சரியாக நடுக்கோட்டில் பென்சில் நின்றது.

அடுத்து நான் சொன்னதையும் எழுத வேண்டும். "கம்ப்யூட்டர்ல இதையே அந்தப் பக்கம் திருப்பிப் போட்டா முழுசாயிடும் இல்ல?" என்றேன். செய்ய முடியும் என்று கையேட்டில் படித்திருந்தேன்.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எட்டு கால் வந்துடும் சார்" என்றார். "அவளுது ஏழு."

பிறகு தாளைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பி, புது போர்டில் மோட்டார் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை அடி எடுக்கும் என்ற கணக்கை எழுதிப் பெட்டியின் தகர மூடியில் ஒட்டினார். படம் தகரத்தைப் பார்த்தபடி போனது. அன்றிலிருந்து துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின. அம்மாள் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். சனிக்கிழமை போர்மேன் இயந்திரத்தைத் துடைத்துவிட்டு மெயினை அணைத்து நேரத்தோடு பஸ்ஸுக்கு வந்தார்.

2006-இல் குப்பத்துக்காரர்களுக்குக் காங்கிரீட் வீடு கிடைத்தது. ஆணி அடிக்கத் தோதான சுவர் என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு மழைக்கு முன்பே போர்மேன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, மனைவியோடு போய்விட்டார். பட்டறையும் பிற்பாடு மூடப்பட்டது. இயந்திரம் மூடியோடும் தாளோடும் யாரிடம் போனது என்பது என் குறிப்பில் இல்லை.

அந்த ஓராண்டில் ஒருமுறைகூட அவர் "நான்தான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் தேதி போட்டு எழுதியிருப்பேன். ஜூலைப் பக்கத்தில் அவர் சொன்னது என் கையெழுத்தில், கோடு போட்டபடி அப்படியே இருக்கிறது. எழுதிவிட்டதால் மறக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ. அங்கிருந்து இருபது இருபத்தைந்து தாள் தள்ளி அந்த எண் பக்கங்கள். அறுபத்து நான்கோடு நிற்கிறது என்று முதலில் சொன்னேன், முழுக்கச் சரியில்லை. மறுநாளுக்கு மறுநாள் தொடர வசதியாக இருக்கட்டும் என்று, அந்தத் திங்கட்கிழமையே அடுத்த வரியின் எண்ணை முன்கூட்டிப் போட்டு வைத்திருக்கிறேன். அறுபத்தைந்து. எக்ஸ் என்றும் எழுதியிருக்கிறேன். எதிரே ஒன்றுமில்லை.