அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு சரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலும் வந்து நிற்கிறது. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

சின்ன மகள் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய வீடுகளைப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மகன் என் கைபேசியில் ஒன்று செய்து கொடுத்தான். வீட்டுக்கு ஒரு பக்கம். பெயரைத் தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும். எத்தனை பேர், யார் சைவம், எந்த வழியாகப் போவது, எல்லாம் அதில் எழுதலாம். அந்தப் பக்கத்திலேயே அவர்கள் மகள் வீட்டுப் பெயரைத் தொட்டால் அது திறக்கும். நான் எழுதுவது வீட்டுக் கணினிக்கும், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அவன் கைபேசிக்கும் தானாகப் போய்விடுமாம். அவன் எழுதினால் எனக்கு வருமாம். எப்படி என்று கேட்டேன். இன்டர்நெட் இருந்தால் போதும் என்றான். தலையாட்டினேன். நேரில் போய்க் கார்டு கொடுத்த வீட்டுக்கு ஒரு சரி போட வேண்டும். எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

எங்கள் வழக்கத்தில் முதல் கார்டு சாமிக்கு. அடுத்தது, பொந்தியானில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு. மாமியார் போன பிறகு அந்த இடத்தில் இருப்பவர் அவர்தான். அவருக்கு வெற்றிலைத் தட்டு போகாமல் வேறு வீட்டுக்குக் கார்டு போனால் மண்டபத்து வாசலை மிதிக்க மாட்டார். கொழுந்தனார் மகன் கல்யாணத்துக்கு அப்படித்தான் வராமல் இருந்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை தெப்ராவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். மறந்துவிடுவேன் என்று கிளம்பும்போதே சரி போட்டுவிட்டேன். பாதி வழியில் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றியது. காரை ஓரம் கட்டி வெகு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மெதுவாக வீட்டுக்கே திரும்பினோம். வரும் வழியிலேயே போட்ட சரியை எடுத்துவிட்டேன். ஆனால் வெளியே போனால் நான் டேட்டாவை அடைத்து வைப்பேன், சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பயம். அதனால் நான் எடுத்தது கணினிக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் மகன் வீட்டுக் கணினியில் அதே பக்கத்தைத் திறந்து, அத்தைக்கு முட்டி வலி, முன் வரிசையில் நல்ல நாற்காலி வேண்டும் என்று எழுதியிருக்கிறான். அவன் வேலைக்குப் போன பிறகுதான் நாங்கள் வந்து சேர்ந்தோம். வீட்டு இன்டர்நெட் பிடித்ததும் என் கைபேசியில் அந்தப் பக்கம் இரண்டாக வந்து நின்று, எது வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டது. பயந்துபோய் மேலே இருந்ததைத் தொட்டேன். எது கேட்டாலும் நான் மேலே இருப்பதைத்தான் தொடுவேன். அது மகன் எழுதிய பக்கம்; நான் எடுத்த சரி திரும்ப வந்துவிட்டது.

இப்படித்தான் நடந்திருக்கும் என்று மகன் பிற்பாடு பிரித்துச் சொன்னான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் கிளினிக்குக்கு அலைந்தோம். மகன் சிங்கப்பூரில் வேலையிடத்தில் சரியைப் பார்த்துவிட்டு, அத்தையை அழைத்தாயிற்று என்று நம்பி, லீவு நாளில் பெக்கோக் ஊருக்குப் போய் அங்கிருக்கும் சொந்தங்களுக்கெல்லாம் கார்டு கொடுத்து முடித்துவிட்டான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தலை எண்ணுவதற்காக ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். அக்கா பக்கத்தில் சரி இருந்தது. அப்படியென்றால் போயிருக்கிறோம். ஆனால் தட்டை அவர் கையில் கொடுத்தது ஞாபகம் வரவில்லை. அவர் வீட்டுப் பச்சைத் திரை ஞாபகம் வந்தது. அது எப்போது பார்த்தது? வீட்டுக்காரரைக் கேட்டேன். போனோமே, இறால் சம்பல் வைத்தாரே என்றார். அது தீபாவளிக்கு. பிறகு அவருக்கே சந்தேகம். தலை சுற்றியது போகும்போதா, கொடுத்துவிட்டு வரும்போதா என்று இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

மகன் கணினியில் பழசையெல்லாம் தோண்டிப் பார்த்தான். சரி போட்டது இருந்தது. எடுத்தது இல்லை.

"நீங்க எடுத்தீங்களாம்மா?"

"எடுத்த மாதிரியும் இருக்கு, எடுக்காத மாதிரியும் இருக்குய்யா."

"சரி, அத்தைக்கே போன் போட்டுக் கேட்டுருங்க."

"என்னான்னு கேக்கறது? நாங்க வந்து உங்கள அழைச்சோமான்னா?"

கேட்பதே அவமரியாதை. கேட்காமல் இருந்தால் கல்யாணத்தில் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும். இரண்டு முறை அழைத்தால் குற்றமில்லை, போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அக்கா இரும்புக் கேட்டுக்கு உள்பக்கம் வந்து நின்றார். பூட்டைத் திறக்கவில்லை.

"பெக்கோக்ல எல்லாருக்கும் கார்டு போயிருச்சாமே," என்றார்.

அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, நாங்கள் அழைக்கவில்லை என்று. வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அக்கா முன்னால் நான் வாய் திறந்து பேசியதே குறைவு. அன்றைக்குப் பேசினேன்.

"தப்பு என்னோடதுக்கா. வந்து அழைச்சிட்டதா போன்ல போட்டு வச்சிருந்தேன். அதைப் பாத்து நாங்களே நம்பிட்டோம்."

"வந்தியா வரலையான்னு உனக்கே தெரியாதா?"

"தெரியலக்கா."

என் முகத்தையே வெகு நேரம் பார்த்தார். பொய் சொல்கிற முகமா என்று பார்த்திருப்பார்.

"நல்ல போனுலா அது. வராதவங்கள வந்துட்டாங்கன்னு சொல்லுது," என்று பூட்டைத் திறந்தார்.

தட்டை வாங்கிச் சாமி முன்னால் வைத்தார். பிறகு, "முத வீடு எங்க வீடுன்னு அதுல எழுது. என் முன்னுக்கு எழுது," என்றார். அங்கேயே நின்று எழுதினேன். எழுத்தை அவரே ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு வந்தார். சொந்தக்காரர்கள் கேட்டபோது, எனக்குத்தான் முதலில் கார்டு வந்தது என்று அவரே சொன்னாராம். அதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

இதில் எது என் ஞாபகம், எது மகன் சொல்லி நான் நம்பியது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. நாங்கள் திரும்பியது வழியில் வரும் பெக்கான் நானாஸுக்கு முன்பா, தாண்டியா? அது சனிக்கிழமைதானா? பெக்கோக்குக்குக் கார்டு போனது அந்த வாரமா, அடுத்த வாரமா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்து, தவறு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.