மில்பிடாஸ் மலையில் மஞ்சள் லில்லி

போன மே மாதக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்: "மில்பிடாஸ் மலைப்பாதை, வேலிக் கதவைத் தாண்டி, மஞ்சள் மாரிபோசா லில்லி. வாடத் தொடங்கிவிட்டது." இந்த முறை வாடுமுன் பார்க்க இர்விங்கிலிருந்து விமானம் ஏறி வந்திருக்கிறேன். அதே இடத்தில் வெறும் காம்புகள் நிற்கின்றன. எதிரே சேலையும் ஸ்னீக்கருமாக ஓர் அம்மா, பிளாஸ்டிக் பை நிறையப் பூவோடு இறங்கி வருகிறார். மகன் வீட்டுக்குக் கோபியிலிருந்து வந்தவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஏம்மா இதைப் பறிச்சீங்க? விதை விழுந்து பூக்கவே நாலஞ்சு வருஷம் ஆகும்."

"செடியத் தொடவே இல்லீங்க. பூவத்தான் பறிச்சேன். இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்களே."

"இதைப் பார்க்க டெக்சஸ்ல இருந்து வந்திருக்கேன்."

"இந்தப் பூவுக்கா? வீட்ல ஒண்ணும் சொல்லலீங்களா?"

ஒரு பூவை எடுத்து நீட்டுகிறார். இதழின் அடியில் செம்பழுப்புக் கறை. வாங்க மனமில்லாமல் வாங்கிக்கொள்கிறேன்.

"மொட்டப் பறிக்கக் கூடாதுங்க. மேல பாறைக்கிட்ட ஒண்ண விட்டுட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பாறையைச் சுற்றிப் புல்லை விலக்கி விலக்கித் தேடுகிறேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. குறிப்பில் எழுதுகிறேன்: மொட்டு ஒன்று மிச்சம் இருப்பதாக அந்த அம்மா சொன்னார், நான் பார்க்கவில்லை.