நீல டிரெய்லரின் பிரேக்

ஃபியூஸ்காரரைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவர் என்பது ஒரு காரணம். மூக்குக்கு மேலே கோபம் வருகிறவர் என்பது அதைவிடப் பெரிய காரணம். எவனாவது எர்த் வயரைப் பெயிண்டுக்கு மேலேயே முடுக்கிக் கொண்டுவந்தால் தொலைந்தான். “வெறும் இரும்பைத் தொடாத வயர் எதுக்குய்யா? அலங்காரத்துக்கா?” என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ஸ்பேனரையே கையில் எடுப்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் சொந்த மனைவியின் டிரெய்லரை மட்டும் தொடாமலே நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். மனைவி வீட்டுக்குப் பின்னால் பூச்செடி வளர்த்து விற்கிறவர். எல்லோருக்கும் அவர் செடியக்கா. மேட்டில் இருக்கிற வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறிவந்து செடி வாங்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? கீழே சந்தையில் கடை போடுவதென்று முடிவுசெய்து, பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, துருவைத் தேய்த்து, மூலைமுடுக்கு விடாமல் நீலப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். வேனுக்குப் பின்னால் அதை மாட்டி அவரே ஓட்டிப்போக வேண்டும். பிரேக்கும் லைட்டும்தான் பாக்கி.

“அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்பார் ஃபியூஸ்காரர். அடுத்த வாரம் யாரோ ஒருவருடைய வண்டி அவசரமாகிவிடும். இப்படியே இழுத்தடிக்கையில் சந்தையில் இடமும் கிடைத்துவிட்டது. வருகிற சனிக்கிழமை கடை போடாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு.

“ஊரார் வண்டின்னா ராத்திரி பகல் பாக்காம செய்றீங்க. என் வண்டிக்கு மட்டும் கை வரலையா? நான் கடை போடுறது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க!” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார் செடியக்கா.

“ஐயோ, அதில்லம்மா. அந்த இறக்கம்... ஈர மண்ணுத் தொட்டி அத்தனையும் பின்னாடியிருந்து வேனைத் தள்ளும். அதை நினைச்சா ஸ்பேனரை எடுக்கவே தோணலை.”

“பயமா?”

“பயம்தான்.”

செடியக்காவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. “அப்ப நல்ல பிரேக்கா போட்டுக் குடுங்க. போடாம இருந்தா பயம் போயிடுமா?”

மறுநாளே ஃபியூஸ்காரர் தன் வயரிங் கடைக் கதவைச் சாத்திவிட்டு டிரெய்லர் வேலையில் உட்கார்ந்தார். டிரெய்லர் பிரேக்குக்கான சின்னப் பெட்டியை ஸ்டீயரிங்குக்குக் கீழே பொருத்தினார். அதில் பிரேக்கின் பிடியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் போட, கையால் அழுத்துகிற ஒரு நெம்பு. தொட்டிகளை ஏற்றி, தெருவில் மெதுவாக ஓட்டி, நெம்பை அழுத்தினால் பிரேக் பிடிக்கவே இல்லை, டிரெய்லர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நிறுத்தி பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு மங்கி, சம்பந்தமே இல்லாமல் இண்டிகேட்டர் மினுமினுத்தது. வயரைத் திட்டினார், பிளக்கைத் திட்டினார், பிளக்கை விற்றவனின் பரம்பரையையே இழுத்தார்.

டார்ச்சோடு டிரெய்லருக்கு அடியில் புகுந்த செடியக்காவின் குரல்தான் கடைசியில் வந்தது. “ஏங்க, இந்த எர்த் வயர் பெயிண்டு மேலயே உக்காந்திருக்கே?”

ஃபியூஸ்காரர் முகத்தில் ஈயாடவில்லை. “தெரியும்” என்றார் மெல்ல.

“தெரியுமா!”

“நீ பாத்துப் பாத்து அடிச்ச பெயிண்டும்மா. சுரண்ட மனசு வரலை. வேன்ல மாட்டுற கொக்கி வழியா எர்த் கிடைச்சிடும்னு விட்டுட்டேன்.”

செடியக்கா படுத்த இடத்திலேயே வயிறு குலுங்கச் சிரித்தார். “அட என் புத்திசாலி! எனக்குப் பெயிண்டா முக்கியம்? குடுங்க அந்த உப்புத்தாளை.” இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அவரே தேய்த்தார். அவர் நகர்ந்ததும் இவர் வயரை முடுக்கினார். இந்தத் தடவை நெம்பை அழுத்தியதும், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வேன் நின்றது. சக்கரம் இறுகி வழுக்கிவிடாத அளவுக்குக் குமிழைத் திருப்பி வைத்த பிறகுதான் ஃபியூஸ்காரருக்குச் சோறு இறங்கியது.

சனிக்கிழமை காலை, கூப்பிடாமலே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இறக்கம் தொடங்கியதும் அவருடைய வலது கால் தரையைப் போட்டு மிதித்தது.

“அங்க பிரேக் இல்லைங்க. என் பக்கம்தான் வச்சிருக்கீங்க” என்றார் செடியக்கா.

நடு இறக்கத்தில் மிதித்துக் காட்டினார். வேன் நின்றது. டிரெய்லரும் கோணாமல் நின்றது. ஒரு தொட்டிகூட நகரவில்லை. ஃபியூஸ்காரர் மூச்சை விட்டார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. நான் தண்டத்துக்கு உக்காந்திருக்கேன். நீ போம்மா.”

“நிஜமாவா?”

“போ போ, சந்தைக்கு நேரமாகுது.”

வேன் நகர்ந்தது. வளைவுக்கு முன்னால் இரண்டு சிவப்பு விளக்கும் ஒரே அளவில் எரிந்தன. திரும்பிப் பார்ப்பார் என்று ஃபியூஸ்காரர் கையைத் தூக்கியபடியே நின்றார். செடியக்கா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

“அப்படித்தான் ஓட்டணும்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து மேடேறத் தொடங்கினார்.