நாலாவது வாஷர்

மட்டாஞ்சேரி பஜாரில் கற்பகம் அக்கா ஒரு நாள் லீவு போட்டால் போதும். துறைமுகத்துக் கிரேன்கள் தலைகுப்புற விழும், பாலங்கள் காயலில் இறங்கிக் குளிக்கும், கலூர் பஸ் ஸ்டாண்டின் கூரை பறந்துபோய் இடக்கொச்சியில் மீன் பிடிக்கும். நிலாவை வானத்தில் மாட்டியபோது கடவுளே அவளிடம்தான் வாஷர் வாங்கியிருப்பார். அவரிடமும் அக்கா அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாள்: "எத்தனை கிலோ தொங்கணும்?"

விலையெல்லாம் அதற்குப் பிறகுதான். போல்ட் நட் கடையில், கால் ஆடுகிற ஒரு ஸ்டூலில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். பாரம் தொங்குகிற இடத்துக்கு யாராவது சாதா வாஷர் கேட்டால் தரமாட்டாள். "இது பப்படம் சேட்டா. நட்டை முறுக்கினா குழிஞ்சுபோகும். குழிஞ்சா போல்ட்டோட பிடி விட்டுப்போகும்" என்பாள். கறுப்பும் கனமுமான ஹார்டு வாஷரை எடுத்து அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவாள். சாதா வாஷரை அரம் கடிக்கும். ஹார்டு வாஷர்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

நான் பக்கத்து ரீசார்ஜ் கடை ஸுப்ரியா. பிளஸ் டூ பாதியில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். அக்காவின் சாயாவில் உப்புப் போட்டது நான். அவள் குடையை மடக்கி உள்ளே அரிசி நிரப்பி வைத்ததும் நான். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் என் கடை ஷட்டரைத் திறந்து மூடியது அவள். இதையும் எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் எது ஹார்டு, எது சாதான்னு விரலாலேயே சொல்லுவேன்" என்று அவள் ஒரு நாள் பெருமை பேசினாள். அதுதான் வினை. நாலு சாதா வாஷரை எடுத்து என் கண்மையைத் தேய்த்தேன். மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெய். பார்த்தால் அசல் ஹார்டு வாஷர்.

மறுநாள் மிளகுக் கிடங்கு ரதீஷ் சேட்டன் வந்தார். மாடியில் மூட்டை தூக்கும் சங்கிலிக் கப்பியை உத்தரத்தில் பிடித்திருக்கிற நாலு போல்ட்டுக்கும் வாஷர் வேண்டும், அரை டன் தொங்கும் என்றார். அக்கா நாலு ஹார்டு வாஷரை எடுத்துத் தாளில் மடித்து வைத்துவிட்டு பில் எழுத உள்ளே போனாள். அவற்றை எடுத்துவிட்டு மை பூசிய நாலையும் நான் மடித்து வைத்தேன். அவள் திரும்பி வந்ததும், 'பிரிச்சுப் பாருங்க, விரலால சொல்லுங்க' என்று சிரிப்பதுதான் திட்டம். அந்த நேரம் பார்த்து ஒரு தாத்தா என் கடை வாசலில் நின்று ஓடிபி வரவில்லை என்று அழாக்குறையாகக் கத்தினார். நான் திரும்பியபோது பொட்டலமும் இல்லை, ரதீஷ் சேட்டனும் இல்லை.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்வது முதல் நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. அதற்கடுத்த நாள் அதைவிட. நாலு நல்ல வாஷரும் என் சுடிதார் பாக்கெட்டிலேயே கிடந்தன.

ஒன்பதாம் நாள் ரதீஷ் சேட்டன் வந்து நின்றார். "சேச்சி, முறுக்கி முறுக்கி என் கை போச்சு. மூணு நாளைக்கு ஒருக்கா லூஸ் ஆகுது. அடியில நிக்கிறது நானாக்கும்!"

கல்லாவிலிருந்து முதலாளி தலையைத் தூக்கினார். "சாதாவுக்கும் ஹார்டுக்கும் வித்தியாசம் தெரியலேன்னா கண்ணாடியை மாத்து கற்பகம். இல்லேன்னா நான் ஆளை மாத்தணும். ரெண்டு மணிக்கு அங்க லாரி வருது. அதுக்குள்ள சரியாகலேன்னா நாளைக்கு நீ வரவேண்டாம்."

அக்கா ஸ்டூலைவிட்டு எழுந்தாள். ஸ்பானர், அரம், வாஷர்களைப் பையில் போட்டாள். "ஸுப்ரியே, கூட வா. என் கண்ணை இனிமே நம்ப முடியாது. உன் கண்ணு வேணும்."

என் கண். மை போட்ட கண்.

ரதீஷ் சேட்டன் எங்களைக் கிடங்கின் மேல்மாடியில் விட்டுவிட்டுச் சோறு உண்ணப் போனார். ஐந்து நிமிடத்தில் கீழே ஷட்டர் இறங்கிப் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. மேலே ஆள் இருப்பது காவல்காரருக்குத் தெரியாது. நான் கத்தினேன். காயல் பக்கத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே படகு ஒன்று என்னைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டு போனது. அக்காவின் போன் கடையில் சார்ஜில் இருந்தது. ஊருக்கெல்லாம் ரீசார்ஜ் செய்கிற என் போனில் ரீசார்ஜ் தீர்ந்து மூன்று நாள்.

"விடுடி. வந்த வேலையைப் பார்ப்போம்."

மூட்டைமேல் ஏறி முதல் நட்டைக் கழற்றினாள். வாஷர் சின்னத் தட்டுபோலக் குழிந்திருந்தது. அரம் வைத்தாள், கரகரவென்று கடித்தது. கட்டைவிரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தாள், முகர்ந்தாள்.

"தேங்காயெண்ணெய் வாசம் அடிக்குது."

"மிளகு வாசம் அக்கா."

"மிளகு எப்போடி தேங்காயெண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் புது வாஷரைப் போட்டு முறுக்கினாள். இரண்டாவது. மூன்றாவது. மிளகுத்தூளில் மூச்சு எரிந்தது, சுவர்கள் பக்கத்தில் வந்துவிட்டதுபோல இருந்தது. பிறகு அவள் பைக்குள் கையை விட்டாள். துழாவினாள். மறுபடியும் துழாவினாள்.

"அய்யோ. மூணுதான் எடுத்துட்டு வந்திருக்கேன்."

மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள். "மணி ஒண்ணரை இருக்கும். பூட்டைத் திறக்கும்போது லாரியும் வந்து நிக்கும். பதினாலு வருஷம். இப்ப நாலு வரைக்கும்கூட எண்ணத் தெரியல பாரு. முதலாளி சொல்றதுக்கு முன்னாடி நானே நின்னுக்கறேன்."

"அப்படிச் சொல்லாதீங்க அக்கா."

"பின்னே எப்படிச் சொல்ல? அரை டன் தொங்குற இடத்துக்குப் பப்படத்தைக் குடுத்தவ கடையில எதுக்கு?"

பாக்கெட்டுக்குள் நாலு வாஷரும் அடுப்பில் வைத்ததுபோலச் சுட்டன. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது. தொடர்ந்து ஏழு தும்மல். அந்தக் குனிந்த நிலையிலேயே எனக்கு மூளை வேலை செய்தது. ஒரு வாஷரை மெதுவாக உருவி இரண்டு மூட்டைக்கு நடுவில் உருட்டிவிட்டேன்.

"அக்கா! இங்க ஒண்ணு கிடக்கு! உங்க பையிலேர்ந்து விழுந்திருக்கு."

"அப்படியா? நல்ல கண்ணுடி உனக்கு."

வாங்கி அரத்தால் இழுத்தாள். வழுக்கியது. நாலாவது போல்ட்டில் போட்டு, ஸ்பானரில் முழு உடம்பையும் தொங்கவிட்டு முறுக்கினாள். கப்பிச் சங்கிலியைப் பிடித்து நானும் ஒரு தடவை தொங்கிப் பார்த்தேன். உத்தரம் அசையவில்லை. ஒன்பது நாளுக்குப் பிறகு எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

கீழே ஷட்டர் ஏறியது. "சேச்சியே, மேலயா இருக்கீங்க? லாரி வந்தாச்சு! ரெடியா?"

"ரெடி ரதீஷே. எத்தனை வேணும்னாலும் தொங்கவிடு."

நான் துள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன். மூன்று படி இறங்கியிருப்பேன்.

"நில்லுடி. கையை நீட்டு."

நீட்டினேன். தன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கறுப்பு, கனம். விரலில் எண்ணெய்தான் ஒட்டியது, கறுப்பு ஒட்டவில்லை.

"நான் நாலுதான் எண்ணி எடுத்துட்டு வந்தேன்" என்றாள். "என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லேன்னு முதலாளிகிட்ட நீயே வந்து சொல்லு. அதுக்கு முன்னாடி மத்த மூணையும் வெளியில எடு மோளே. ஒன்பது நாளா உன் பாக்கெட்டு கொலுசு போட்டுக்கிட்டுத்தான் நடக்குது."