காலை ஆறு மணி உறுமல்

தன் வீட்டுக்காரருக்குத் தெருவில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குக் காய்கறிக் கடையில்தான் தெரிய வந்தது. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண், முன்பின் பார்த்திராதவள், கூடையைக் கை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க உறுமல் வீட்டம்மாதானே?"

"எந்த உறுமல்?"

"அதாங்க, ஆறு மணிக்கு வெள்ளைக் காரை உறும விடுவாரே, அவரு. எங்க வீட்டுல அலாரம் வைக்கறதையே விட்டுட்டோம்."

கடைக்காரர் தராசைப் பார்ப்பதுபோல் குனிந்து சிரித்தார். அவள் கையில் இருந்த தக்காளி நசுங்கிப்போனது. அதையும் சேர்த்தே எடை போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் வந்து சொன்னால் அவருக்கு உறைத்தால்தானே? "உறுமலா? நல்ல கம்பீரமான பேராத்தான் இருக்கு" என்று மீசையை நீவிக்கொண்டார்.

அந்தக் குடும்பமே அப்படித்தான். அவருடைய அப்பா ஒரு சைக்கிளுக்குத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, வேலைக்கு நடந்தே போய் வந்தவர். பெரியப்பா வாங்கிய தையல் மிஷின் உறை பிரிக்காமலே பேத்தி கைக்குப் போனது. அத்தை ஒருத்தி, புது மூக்குக் கண்ணாடியைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, பழைய கண்ணாடியோடு கதவிலும் தூணிலும் முட்டிக்கொண்டே வயதானவள். பொருளை எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும், துடைத்து வைத்தால் நிற்கும். இது அவர்கள் ரத்தத்தில் ஓடுகிற நம்பிக்கை.

இவர் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மின்சாரம் நின்றுபோனால் ஓட்டுவதற்கென்று அங்கே ஒரு டீசல் எஞ்சின் உண்டு. அவசரத்துக்குக் கைவிடாமல் இருக்க, தினமும் காலை ஆறு மணிக்கு அதை இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்து அணைக்க வேண்டும். அது அவர் பொறுப்பு. காய்ச்சலோடுகூடப் போய் ஓட்டிவிட்டு வந்து படுத்திருக்கிறார். ஓய்வு பெற்ற கையோடு, கூட வேலை பார்த்தவரிடமிருந்து அந்த வெள்ளைக் காரை வாங்கினார். எஞ்சின் ஒன்று வாசலுக்கு வந்ததும் பழைய வழக்கமும் பின்னாலேயே வந்து ஏறி உட்கார்ந்துகொண்டது.

விடிந்ததும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குவார். உறையை நீக்கி மடித்து வைப்பார். சாவியைத் திருகி, உர்ரென்று ஒரு உறுமல். முன்விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, ஏசி குளிர்கிறதா, ரேடியோ பாடுகிறதா, எல்லாம் பரிசோதனை. மழையே இல்லாத நாளிலும் வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சுக் கீச்சென்று ஆடும். இரண்டு நிமிஷம் ஆனதும் அணைத்து, உறையைப் போர்த்தி, குழந்தையைத் தூங்கப் போட்டவர் மாதிரி பூனைநடை நடந்து உள்ளே வருவார். ஓட்டுவது மட்டும் கிடையாது. டயருக்குக் காற்றடிக்க எப்போதாவது பக்கத்துத் தெருவுக்கு எடுத்துப் போவார். அந்த வண்டி பார்த்த உலகம் அவ்வளவுதான்.

ஊரில் மற்றவர்களின் கார் பேட்டரி நாலு வருஷம், ஐந்து வருஷம் வருகிறது. இவருடையது வருஷம் திரும்புவதற்குள் வாயைப் பிளந்துவிடும். கடைக்காரர் போலியை ஏமாற்றி விற்றுவிட்டார் என்பார். எதிர்வீட்டுக்காரர் கண் வைத்துவிட்டார் என்பார். ஒரு தடவை, நீ கார்மேல் சாய்ந்து நின்று பேசினாயே, அதனால்தான் என்று அவளையே குற்றம் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, அவளுடைய அக்கா பக்கவாதத்தில் விழுகிற வரைக்கும்.

அக்காவுக்கு வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தேறியதும், பேச்சு திரும்ப வேண்டுமானால் பயிற்சி நிலையத்துக்குத் தினமும் தவறாமல் வர வேண்டும், விட்டு விட்டு வந்தால் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலையம் ஊரின் மறுகோடியில். காரில் போனால் முக்கால் மணி நேரம். அக்காவின் மகன் தூரத்து நகரத்தில் வேலையில் இருக்கிறவன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காலையில் போனால் இரவுதான் வீடு.

"சித்தி, நீங்க தினம் கூட்டிட்டுப் போக முடியும்னா அம்மா உங்ககூட இருக்கட்டும். முடியாதுன்னா சொல்லிடுங்க, அங்கயே ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்துடறேன்" என்றான்.

இல்லம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா நல்ல கையால் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பேச்சில்லை. பிடி மட்டும் விடவில்லை.

"நம்ம வாசல்ல கார் நிக்குதுடா. என்னத்துக்கு இல்லம்?" என்றாள் அவள்.

முதல் நாள், சனிக்கிழமை. பத்து மணிக்குப் பயிற்சி. அக்காவைத் தாங்கிப் பிடித்து முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டியாயிற்று. அவர் சாவியைத் திருகினார். டக். இன்னொரு முறை. டக். அவ்வளவுதான்.

"ஆறு மணிக்கு உறுமுச்சே!" என்றார் அவர்.

"அப்ப அதுகிட்ட இருந்த கடைசி மூச்சையும் ஆறு மணிக்கே வாங்கிட்டீங்க!"

எதிர்வீட்டுக்காரரும் பால்காரரும் தெருக்கோடி வரை தள்ளினார்கள். உள்ளே அக்கா மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். வண்டி இருமக்கூட இல்லை. வாடகைக் கார் வந்தது. அந்த டிரைவர் ஏறுங்க ஏறுங்க என்று விரட்டிய விரட்டில் அக்கா குழந்தைபோல அழ ஆரம்பித்து, ஏறவே மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சி போயிற்று.

அக்கா மகன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "திங்கக்கிழமை வரைக்கும் இருக்கேன் சித்தி. அன்னிக்கும் இப்படின்னா அம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்பறேன்" என்று மட்டும் சொன்னான்.

அன்று மத்தியானமே பேட்டரிக் கடைக்காரர் புது பேட்டரியோடு வந்தார். காரின் முன்மூடியைத் திறந்து, பழைய பேட்டரியின் முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் துணியால் துடைத்தார்.

"இது தேய்ச்சா போயிடும் சார். உள்ள போனதுதான் போச்சு."

"நீ குடுக்கறது போலி. வேற என்ன?"

"போலின்னா என்கிட்ட வாங்கின டாக்ஸிக்காரர் எப்பவோ என் சட்டையைப் பிடிச்சிருப்பாரே. அவருக்கு நாலு வருஷமா ஓடுதே. நீங்க ஓட்டறதே இல்ல சார். ஸ்டார்ட் பண்றப்ப பேட்டரி ஒரேயடியா வாரிக் குடுக்குது. வண்டி அரை மணி, முக்கா மணி ஓடினாத்தான் அது திரும்ப ஏறும். நீங்க ரெண்டு நிமிஷத்துல அணைச்சுடறீங்க. அதுலயும் லைட்டு, ஏசி, ரேடியோ. எப்பவும் அரைவயிறாவே நின்னா உள்ள தகட்டுல உப்பு மாதிரி படிஞ்சுடும். அப்புறம் எவ்வளவு ஏத்தினாலும் பிடிக்காது. இந்த வெயில்ல தகரத் தட்டியோரமா நிறுத்தி வேக வேற வைக்கறீங்க."

"எனக்கேவா? பம்ப் ஹவுஸ்ல காலம் பூரா இதேதான் செஞ்சேன். தினம் ரெண்டே நிமிஷம். அங்க ஒரு பேட்டரி ஏழு வருஷம் வந்துச்சு. ஏழு!"

கடைக்காரர் காதைச் சொறிந்தார். அவள் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏங்க, அந்த எஞ்சின் பக்கத்துல, சுவத்துல ஒரு பெட்டி இருக்குமே. பச்சை லைட்டு எரியும். நான் சாப்பாடு கொண்டு வந்து அதுமேல வச்சா, வைக்காதேன்னு கத்துவீங்களே. அது என்னது?"

"அது... சார்ஜர்."

"எதுக்கு?"

"எஞ்சின் பேட்டரிக்குத்தான்."

"எப்ப போடுவாங்க?"

"அதெல்லாம் எலக்ட்ரீஷியன் பாத்துக்குவான். அது பாட்டுக்கு எப்பவும் ஓடிக்கிட்டேதான்..."

கடைக்காரர் தன் கையிலிருந்த ஸ்பேனரை, முதல்முறை பார்ப்பவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம வாசல்ல எந்தச் சுவத்துல பச்சை லைட்டு எரியுது? காட்டுங்க. நானும் பாக்கறேன். உங்க பேட்டரியெல்லாம் சாகட்டும், போகட்டும். எங்க அக்காவை எங்கேயோ கொண்டுபோய் விடப்போறாங்க, நீங்க வைப்பரை ஆட்டிக்கிட்டு இருக்கீங்க!"

அவர் காரின் உறையை எடுத்தார், மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார்.

மறுநாள் ஞாயிறு, பயிற்சி கிடையாது. ஆறு மணிக்கு உறுமலும் இல்லை. ஆறே காலுக்குப் பால்காரர் மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினார். "அய்யா நல்லாத்தானே இருக்காரு?" அடுத்து எதிர்வீட்டுக்காரர். அடுத்து, காய்கறிக் கடையில் பார்த்த அந்தப் பெண், தலைகூட வாராமல், முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு. அவள் ஒவ்வொருவரையும் உள்ளே கூட்டிப் போய், உயிரோடு இருக்கிறார் பாருங்கள் என்று காட்டி அனுப்பவேண்டியதாயிற்று. அவர் இஸ்திரிச் சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்தி வைத்திருந்தார். அவளுக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. கொஞ்சம்தான்.

திங்கட்கிழமை வண்டி முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. பிடித்து என்ன? அவர் ஓட்டிய வேகத்துக்கு, நடந்து போனவர்கள் முந்திக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக். பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். பின்சீட்டில் அக்கா மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முன்சீட்டிலிருந்து ஒரு குரல் கரகரத்தது. "போ... போங்க."

அக்காதான். விழுந்த நாளிலிருந்து வாயிலிருந்து வந்த முதல் சொல். எத்தனையோ சொல் இருக்க, இந்த மனுஷனின் ஓட்டம் தாங்காமல் அந்தச் சொல்தான் வந்தது. அவர் திடுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா மகன் சாயங்காலம் தனியாக ஊருக்குப் போனான்.

இப்போது காருக்கு உறை கிடையாது. தினமும் முக்கால் மணி போக, முக்கால் மணி வர. அக்கா நாலைந்து சொல் சேர்த்துப் பேசுகிறாள். அதில் பாதி அவரைத் திட்டுவதற்கு. பேட்டரிக் கடைக்காரரைப் பார்த்து வருஷம் மூன்றாகிறது. வீட்டுக்கு வந்ததும் வைப்பரை மட்டும் ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் இறங்குவதில்லை, அதை அவளாலும் நிறுத்த முடியவில்லை.

காலை பத்து மணிக்கு யாராவது அவரைத் தேடி வீட்டுக்குப் போனால் ஆள் இருக்கமாட்டார். பயிற்சி நிலையத்தின் வாசலில், மர நிழலில், எஞ்சினை அணைத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்.